விசிட்டிங் கார்டில் யாருடைய எண் இருக்க வேண்டும்?

கேள்வி: நாமக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். மேஜிக் கற்றுக்கொண்டு உறவினர் வீட்டு விசேஷங்களில் செய்துவருகிறேன். பார்த்தவர்கள், தங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்கும் வர முடியுமா என்று கேட்கிறார்கள். அதனால் விசிட்டிங் கார்டு அடிக்கலாம் என்றிருக்கிறேன். விழா ஏற்பாடு செய்யும் ஒருவர், “ஆயிரம் கார்டு இலவசமாக அடித்துத் தருகிறேன், என் எண் அதில் இருக்கட்டும், வாய்ப்பு தானாக வரும்” என்கிறார். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டமும் வாங்கித் தருகிறாராம். ஒப்புக்கொள்ளலாமா? கார்டில் என்னென்ன இருக்க வேண்டும்? அடுத்த மாதம் முதல் முறையாகச் சம்பளம் பேசி ஒரு பிறந்தநாள் விழாவில் செய்யப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டத்துக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள், கார்டுக்கும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பிறந்தநாள் விழாவில் உங்கள் நிகழ்ச்சியைப் பார்க்கிற ஒரு தாய் அன்றைக்கே உங்களை அழைக்க மாட்டார். கார்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வார். நான்கைந்து மாதம் கழித்துத் தன் மகளின் பிறந்தநாள் வரும்போதுதான் அதைத் தேடி எடுத்து எண்ணை அழுத்துவார். அந்த அழைப்புதான் உங்கள் தொழில். கார்டில் ஏற்பாட்டாளரின் எண் இருந்தால் அந்த அழைப்பு அவருக்குப் போகிறது. அவர் எட்டாயிரம் பேசிவிட்டு உங்களுக்கு மூவாயிரம் கொடுக்கலாம். அல்லது, “அவர் அன்றைக்கு வெளியூர், அவரைவிட நல்ல ஆளை அனுப்புகிறேன்” என்று இன்னும் குறைந்த சம்பளத்துக்கு வேறு ஒருவரை அனுப்பலாம். உங்கள் பெயரைத் தேடி ஒருவர் அழைத்தார் என்பதே உங்கள் காதுக்கு வராது. நாளை அவரோடு உறவு முறிந்தாலும் ஊரில் சிதறிக் கிடக்கும் அந்த ஆயிரம் கார்டுகளும் அவருக்காகவே உழைத்துக்கொண்டிருக்கும். இலவசம் என்று அவர் சொல்வதன் விலை இதுதான். ஆயிரம் கார்டு அடிக்க ஆகும் செலவு ஒரு நிகழ்ச்சியின் சம்பளத்தில் ஒரு பங்குதான்.

ஏற்பாட்டாளர்கள் எல்லோருமே இப்படி என்று சொல்லவில்லை. யோக்கியமானவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நீங்களும் யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டும். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஓர் ஏற்பாட்டாளர் தன் வாடிக்கையாளர் வீட்டுக்கு உங்களை அழைத்துப் போகிறார் என்றால், அந்த விழாவில் உங்கள் சொந்தக் கார்டைக் கொடுக்கக் கூடாது. அந்த வீட்டைப் பிடித்தது அவருடைய உழைப்பு. விருந்தினர் யாராவது கார்டு கேட்டால், “இவர் மூலமாகத்தான் வந்திருக்கிறேன், இவரிடம் பேசுங்கள்” என்று அவரைக் காட்டுங்கள். அதே விழாவுக்கு, முன்பே உங்களை நேரடியாக அழைத்த ஒரு குடும்பமும் வந்திருந்தால்? அவர்கள் உங்கள் வாடிக்கையாளர்தான். தாராளமாகப் பேசலாம், ஆனால் ஏற்பாட்டாளர் காதில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். விழா முடிந்து சில வாரம் கழித்து விருந்தினர் ஒருவர் எப்படியோ உங்கள் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தால்? அதையும் ஏற்பாட்டாளரிடம் சொல்லி, அவருக்குரிய கமிஷனைக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு காலத்துக்கு? ஓராண்டு என்று முதலிலேயே பேசி வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வது நல்லது. ஓராண்டுக்குப் பிறகும் அந்த வீடு உங்களைத் தேடினால், அது உங்கள் வித்தையைத் தேடி வருவது. கமிஷனைப் பொறுத்தவரை பத்தில் இரண்டு பங்கு வரை நியாயம் என்பது என் கருத்து. பாதிக்குப் பாதி கேட்பவரிடம் நின்று பேச வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து பட்டம். இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. “மேஜிக் திலகம்”, “கலைச் செம்மல்” என்று ஆரம்பித்து, “கௌரவ டாக்டர்” வரை கொண்டுபோய் நிறுத்துவார்கள். விழாச் செலவு, கேடயச் செலவு, அங்கிக்கு வாடகை என்று பணம் கறப்பார்கள். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டப்படி, சட்டம் மூலம் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், அந்தத் தகுதி அளிக்கப்பட்ட நிறுவனங்களுக்கும்தான் பட்டம் வழங்கும் உரிமை உண்டு. எந்த அறக்கட்டளையும் பேரவையும் உங்களை டாக்டர் ஆக்க முடியாது. 2023-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரையுலகினர் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. தங்களுக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகமே போலீசில் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. புகழ்பெற்றவர்களையே மேடையேற்ற முடிந்தவர்களுக்கு உங்களை ஏமாற்றுவது பெரிய வேலை இல்லை. பணம் கட்டி வாங்கும் உலக சாதனைச் சான்றிதழ்களும் இதே கணக்குதான்.

இந்த வியாபாரம் ஏன் செழிக்கிறது என்றால், மேஜிக் கலைஞனை அரசு அலுவலகங்கள் பலவும் கலைஞனாகவே எண்ணுவதில்லை. பாட்டு, நடனம், நாடகம் என்று எதையாவது சொன்னால் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். மேஜிக் என்று எழுதினால், “இதர” என்ற கட்டத்தில் டிக் போடச் சொல்வார்கள். தெருவில் செப்பிடுவித்தை காட்டியவர்கள் காலத்திலிருந்தே இந்த மண்ணில் இருக்கும் கலை இது. முறையான அங்கீகாரம் கிடைக்காத இடத்தில் போலி அங்கீகாரம் கடை விரிக்கத்தானே செய்யும்? அந்தக் கடையில் நீங்கள் வாங்காதீர்கள்.

வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி.சர்க்கார் தன்னை உலகின் மிகப் பெரிய மேஜிக் நிபுணர் என்று விளம்பரம் செய்துகொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். செய்தார். ஆனால் 1956-இல் பிபிசி தொலைக்காட்சியில் அவர் ஒரு பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையைச் செய்துகொண்டிருந்தபோது, அவள் எழுவதற்குள் நேரம் முடிந்து நிகழ்ச்சி நின்றது. அந்தப் பெண் உண்மையிலேயே இறந்துவிட்டாளோ என்று பதறி மக்கள் தொலைபேசியில் அழைத்துக் குவித்தார்கள். அந்த வாசகத்தைத் தாங்கும் வித்தை அவரிடம் இருந்தது. உங்கள் கார்டில் அதே வாசகத்தைப் பார்ப்பவர், முதலில் உங்கள் பெயருக்குக் கீழே உள்ள ஊரைப் பார்த்துச் சிரிப்பார்.

அப்படியானால் கார்டில் என்ன வேண்டும்? உங்கள் பெயர். “குழந்தைகளுக்கான மேஜிக் நிகழ்ச்சி” என்று ஒரே ஒரு வரி. உங்கள் ஊர். உங்கள் சொந்தக் கைபேசி எண், நன்கு பெரிய எழுத்தில். பாட்டி கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி இருக்கட்டும். அந்த எண்ணை ஐந்தாண்டு மாற்ற மாட்டீர்கள் என்ற உறுதி இருந்தால் மட்டுமே அச்சிடுங்கள். வீட்டு முகவரி வேண்டாம். கியூஆர் கோடு போடுவதாக இருந்தால் உங்கள் நிகழ்ச்சியின் ஒரு நிமிட வீடியோவுக்கு இட்டுச் செல்லட்டும். ஆனால் தந்திரம் தெரியும் கோணத்தில் யாரோ கைபேசியில் எடுத்த வீடியோ ஆகாது. அச்சகத்தில் இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு தொப்பிக்காரர் படத்தைப் போட்டுத் தருவார்கள். அது வேறொருவர் முகம், வேறொருவர் படம். உங்கள் படத்தையே போடுங்கள், அல்லது படமே வேண்டாம்.

வழக்கமான மூன்றரைக்கு இரண்டு அங்குல அளவே போதும். வட்டமாகவும் தொப்பி வடிவிலும் வெட்டித் தருகிறேன் என்பார்கள்; பணப்பையில் நுழையாத கார்டு குப்பைக்குத்தான் போகும். தாளின் கனம் 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல் இருக்கட்டும். பளபளப்பு லேமினேஷன் இரண்டு பக்கமும் போடச் சொல்லி அச்சகத்தார் வற்புறுத்துவார்கள், மறுத்துவிடுங்கள். பின்பக்கம் வெறும் தாளாக, ஒன்றும் அச்சிடாமல் இருக்க வேண்டும். வித்தையின்போது ஒரு குழந்தையிடம் அந்தப் பின்பக்கத்தில் பெயரையோ ஓர் எண்ணையோ எழுதச் சொல்லலாம். பளபளப்பில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், மை ஒட்டாது. தன் கையெழுத்து இருக்கும் கார்டை அந்தக் குழந்தை தூக்கிப் போடாது, வீட்டுக்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு நாற்காலியாகப் போய் நோட்டீஸ் போல் கார்டு கொடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல். முதலில் டிஜிட்டல் அச்சில் இருநூறு மட்டும் அடியுங்கள். ஆயிரத்துக்கு அவசரம் இல்லை.

இனி அடுத்த மாத விழா. முப்பது நிமிடம் போதும். ஐந்து அல்லது ஆறு வித்தை. கைவசம் இருபது இருந்தாலும் ஆறுதான். நேரத்தைக் கேக் வெட்டுவதற்கு முன்பு கேட்டு வாங்குங்கள். கேக் வெட்டியதும் குழந்தைகள் கையில் கிரீம், பெரியவர்கள் கவனம் சாப்பாட்டுப் பந்தியில். “மாமா வரட்டும், சித்தி வரட்டும்” என்று கேக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான் உங்களுடையது. அந்த வீட்டாருக்கும் அது பெரிய உதவி.

குழந்தைகளை ஜமக்காளத்தில் உட்கார வையுங்கள், உங்களுக்கு நேர் முன்னால். உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். நம் ஊர் விழாக்களில் தந்திரத்தை அம்பலப்படுத்துவது குழந்தைகள் அல்ல, வீடியோக்காரர். நல்ல கோணம் தேடி உங்கள் பின்னால் வந்து நின்று, கையை நெருக்கமாகப் படம் பிடித்துவிடுவார். அடுத்த வாரம் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும். ஆரம்பிக்கும் முன் அவரிடம் மரியாதையாகப் பேசி, குழந்தைகளின் பக்கமாகவே நின்று எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் முகத்தில் வரும் வியப்புதான் நல்ல படம் என்றால் உடனே புரிந்துகொள்வார். பிறகு தலைக்கு மேல் பாருங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே பட்டுக் கைக்குட்டை வித்தையைத் தொடங்கினால், கைக்குட்டை நீங்கள் மறைக்க விரும்பும் பக்கமே பறக்கும். அந்த ஒரு விசிறியை நிறுத்தச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். கையில் பிடிக்கும் மைக் உங்களுக்கு ஒரு கையைக் குறைத்துவிடும்; காலர் மைக் கேளுங்கள். மொட்டை மாடியில் விழா என்றால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

“எனக்குத் தெரியும், கைக்குள்தான் இருக்கிறது அண்ணா!” என்று கத்தும் ஒரு பையன் கட்டாயம் இருப்பான். அவனோடு வாதாடாதீர்கள், அவமானப்படுத்தவும் கூடாது. பெயரைக் கேட்டு, அடுத்த வித்தைக்கு உதவியாளராக அழையுங்கள். உங்கள் பக்கம் வந்துவிட்டால் ரகசியத்தைக் காப்பாற்றுவது அவன் வேலையாகிவிடும். பிறந்தநாள் குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுதான் என்றால், உங்களைப் பார்த்துப் பயப்படலாம். தாயின் மடியில் இருக்கும்படியே வைத்துச் செய்யுங்கள். சிறிய பந்து, நாணயம் ஆகியவற்றை அந்த வயதுக் குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. ஊதாத பலூனும் அப்படித்தான், தொண்டையில் சிக்கிவிடும்.

நெருப்பு வித்தை வேண்டாம். ஒரு போதும் வேண்டாம். அலங்காரத்துக்குக் கட்டும் பலூன்களில் பல இடங்களில் ஹைட்ரஜன் வாயுவைத்தான் நிரப்புகிறார்கள். தீப்பொறி பட்டால் வெடிக்கும். பக்கத்திலேயே பனி போல நுரை அடிக்கும் ஸ்பிரேயும் வைத்திருப்பார்கள், அதில் இருப்பதும் பெரும்பாலும் எரியும் வாயு. புறா, முயல் கேட்பார்கள். விலங்குகளைப் பழக்கி மேடையில் காட்ட, 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் 2001-ஆம் ஆண்டு விதிகளின் கீழும் பதிவு வேண்டும். பச்சைக்கிளி என்றால் வனத்துறை வழக்கே வரும். “எல்லோரும்தானே செய்கிறார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் ஏற்பாட்டாளர், வழக்கு வரும் நாளில் கைபேசியை அணைத்துவைத்துவிடுவார்.

சம்பளத்தில் பாதியை அட்வான்ஸாக உங்கள் கணக்குக்கே வாங்குங்கள். தேதி, நேரம், இடம், தொகை நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சரி என்று பதில் பெறுங்கள். மீதியைப் பந்திக்குப் போகும் முன் வாங்கிவிடுங்கள். இன்னொரு பழைய தந்திரம்: “ஜிஎஸ்டி பிடித்தம்” என்று சொல்லி ஏற்பாட்டாளர் உங்கள் சம்பளத்தில் கை வைப்பது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. அவர் வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி அவருடைய பாடு, அதை உங்களிடம் பிடிக்க வழியில்லை. பள்ளியோ நிறுவனமோ நேரடியாக அழைத்து, உங்கள் பான் எண்ணை வாங்கி வருமான வரி பிடித்தால் அது வேறு. பிடித்த தொகை வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம், மிகுதி இருந்தால் திரும்பப் பெறலாம். நீங்கள் கணக்கர், இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஏற்பாட்டாளரிடம் சண்டை போட வேண்டாம். “கார்டு நானே அடித்துக்கொள்கிறேன் அண்ணா. நீங்கள் கூப்பிடும் விழாக்களுக்கு வருகிறேன், அங்கே என் கார்டைக் கொடுக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். உங்கள் வித்தை வேண்டும் என்பவராக இருந்தால் அதற்கும் சரி என்பார்.