கையில் 500 ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்கா,

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 29. ஊர் சுற்ற ரொம்ப ஆசை. தோழிகள் சேர்ந்து ஏற்காடு போகலாம் என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. ரூம் வாடகை, வேன் வாடகை என்று கணக்குப் போட்டுப் போட்டே தள்ளிப்போகிறது. நீங்களோ உங்கள் பயணக் கட்டுரைகளில் ‘கிளம்பிப் போனேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறீர்கள். செலவெல்லாம் போக மாசம் 500 ரூபாய் என் கையில் நின்றால் பெரிது. லீவு ஞாயிறு மட்டும்தான். இதை வைத்துக்கொண்டு, பெரிய ஏற்பாடு எதுவும் இல்லாமல், தனியாக எங்கே போக முடியும்? கோயிலுக்கு என்றால் அம்மா விடுவார். சும்மா ஊர் பார்க்க என்றால் ‘எதுக்கு?’ என்பார். அவரிடம் என்ன சொல்வது?

ச., கரூர்

அன்புள்ள ச.,

ஏற்காடு இருக்கட்டும். நீங்கள் கரூர்க்காரர். வருகிற ஞாயிறே குளித்தலைக்குக் கிளம்புங்கள்.

ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நாள் குறித்துப் போகிறவர்களுக்கு அது சரி. நமக்கென்று முன்பதிவில்லாத டிக்கெட் இருக்கிறது. 200 கிலோமீட்டருக்குள் போகிறீர்கள் என்றால், வாங்கிய 3 மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும். அதற்குள் வண்டி இல்லையென்றால் அடுத்து வரும் முதல் வண்டியில். இன்றைக்குத் தோன்றி இன்றைக்கே கிளம்புகிறவர்களுக்கான டிக்கெட் அது. பாசஞ்சரில் குளித்தலைக்கு இரண்டு டீ குடிக்கிற காசுகூட ஆகாது.

திருச்சி போகும் வண்டியில் இடப்பக்கம் ஜன்னலோரம் பிடியுங்கள். மாயனூரிலிருந்து காவிரி அந்தப் பக்கமாகத்தான் கூட வரும். சில இடங்களில் ஆறு தெரியாது, தென்கரை வாய்க்காலும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் மறைத்துக்கொள்ளும். பிறகு திடீரென்று திறந்துகொண்டு அகண்ட காவிரி மொத்தமாகக் கண்ணில் படும். கார் வைத்திருக்கிற எத்தனையோ பேர் பார்க்காத காட்சி இது.

ஏன் குளித்தலை என்கிறேன்? அந்தப் பக்கம் ஒரு சொலவடை உண்டு: ‘காலைக் கடம்பர், மதியச் சொக்கர், அந்தி ஈங்கோய்நாதர்.’ காலையில் குளித்தலை ஆற்றங்கரையில், வடக்கே காவிரியைப் பார்த்து இருக்கும் கடம்பவனேசுவரர். உச்சிவேளையில் தெற்கே ஐயர்மலையில் ரத்தினகிரீசுவரர். பொழுது சாய்கையில் ஆற்றுக்கு அக்கரையில், முசிறியை அடுத்த திருஈங்கோய்மலை. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது வழக்கம். கார்த்திகைச் சோமவாரத்தில் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். ரூம் போடாமல், வேன் பிடிக்காமல், கட்டுச்சோற்றோடு போய் வருவதற்கு நம் ஆட்கள் பழைய காலத்திலேயே போட்டு வைத்த வழி இது. இன்றைக்கு அந்த வழியில் பஸ் ஓடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். வெள்ளைப் பலகை பார்த்து ஏறினால் உங்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

ஐயர்மலைக்கு 1017 படி. அபிஷேகத்துக்குத் தினமும் காவிரித் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஏறுகிற மலை. ஒரு கார்த்திகையில் நான் ஏறும்போது வழி மண்டபத்தில் வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தூக்குவாளியைத் திறந்தார். புளிச்சோறு. மேலே வறுத்த மோர்மிளகாய், வாழையிலையில் மடித்த தேங்காய்த் துவையல். “ஏம்மா, ஒண்டியாவா வந்த?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் இலையைக் கிழித்து என் கையில் ஒரு கவளம் வைத்துவிட்டார். எந்த ஊர், யார் வீடு, என்ன வேலை என்று விசாரணை முடிந்தது. பக்கத்திலிருந்தவர் காலை நீட்டி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “வருசத்துல இன்னிக்கு ஒரு நாளுதாம்மா என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க.”

சாமி கும்பிட வந்தவர்தான், அதில் சந்தேகமே இல்லை. கூடவே தன் நாளையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நம் பாட்டிமார்கள் ஊர் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். சமயபுரத்துக்கு நடந்தார்கள், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை சுற்றினார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கணக்கில் சேர்க்காமல் பக்தி என்று மட்டும் சொல்லிவிட்டோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பெரிய ஏற்பாடு இல்லாமல் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கோயில் வரிசையாகச் சொன்னது உங்களைக் கட்டிப்போட இல்லை. ஐயர்மலை இறங்கி ரோட்டுக்கு வருகிறீர்கள், மணப்பாறை பஸ் வருகிறது. ஏறுங்கள். மணப்பாறையில் முறுக்கு வாங்கிக்கொண்டு, ரயிலில் திருச்சி வந்து கரூருக்கு மாறிக்கொள்ளலாம். ஈங்கோய்மலையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். ரூமுக்கு 2,000 ரூபாய் முன்பணம் கட்டியவரால் இதைச் செய்ய முடியாது. கட்டிய காசு அவரை அந்த ஊருக்கே இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் எதையும் கட்டவில்லை. பாதி வழியில் மனசு மாறினால் மாறியதுதான். கையில் காசு குறைவு என்பதை உங்கள் கடிதத்தில் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்த விடுதலை அதனால்தான் கிடைக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சாப்பாட்டையும் சேர்த்து 300 ரூபாய் தாண்டாது. மீதி அடுத்த ஞாயிறுக்கு.

தனியாகப் போவது பற்றி. பயமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டுவதற்குள் திரும்பும் வண்டியில் இருங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். ரயிலில் ஏதாவது என்றால் 139, வெளியில் என்றால் பெண்கள் உதவிக்கு 181, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். வழி கேட்பதானால் பூக்கடைக்காரம்மாவிடமோ கண்டக்டரிடமோ கேளுங்கள். பயணம் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவது கழிப்பறைப் பிரச்சினை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், மலையேறும்போது அது ஆபத்து. ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு தடவை, மலையடிவாரத்தில் விசாரித்து ஒரு தடவை என்று போய்க்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மட்டும் ‘மதியச் சொக்கர்’ வேண்டாம், பாறை கொதிக்கும். விடிகாலையிலேயே ஏறிவிட்டு, கடம்பரைச் சாயங்காலம் நடை திறந்ததும் பாருங்கள்.

அம்மாவிடம் கோயிலுக்கு என்று சொன்னால் பொய்யில்லை, மூன்று கோயில் இருக்கிறது. இருந்தாலும் முதல் தடவையே முழுசாகச் சொல்லிவிடுங்கள் என்பேன்: ‘குளித்தலைக்குப் போறேன்மா. கோயில் பார்ப்பேன், ஆத்தைப் பார்ப்பேன், இருட்டறதுக்குள்ள வந்துருவேன்.’ ஏழு மணிக்குள் வீடு வந்து சேருங்கள். நாலு ஞாயிறு இப்படிப் போய் வந்தால் ‘எதுக்கு?’ என்ற கேள்வி ‘இந்த வாரம் எங்க?’ என்று மாறிவிடும். என் வீட்டிலும் அப்படித்தான் மாறியது. அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைத்தால் ஒரு தடவை அவரையும் கூட்டிப் போங்கள். டவுன் பஸ்ஸில் அவருக்கும் டிக்கெட் இல்லை.

போய் வந்து எழுதுங்கள். மணப்பாறைப் பக்கம் போயிருந்தால் அதையும்.

அன்புடன்,
அக்கா