எலும்பைக் கழுவுங்கள், தீயைக் குறையுங்கள்

கேள்வி: ஹனோயில் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, அந்த வீட்டு அம்மா பன்றி எலும்பும் காய்கறியும் போட்டு ஒரு சூப் வைத்துக் கொடுப்பார். கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். நான் செய்தால் வெள்ளையாகக் கலங்கிவிடுகிறது. இறைச்சி வாடை வேறு. எங்கே தவறுகிறேன்?

பதில்: வாடைக்குக் காரணம் முதல் பத்து நிமிடம். கலங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் அடுப்பின் தீ. இரண்டுமே நானும் செய்த தவறுகள்தான்.

நான் ஆறு வருடம் சைகோனில் இருந்தேன். அரசுப் பெயர் ஹோ சி மின் நகரம் என்றாலும், பேச்சில் இன்றும் அது சைகோன்தான். எங்கள் கீழ்வீட்டில் இருந்தவரை எல்லோரும் 'ஐந்தாம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பிறப்பில் அவர் நான்காவது பிள்ளை. தெற்கு வியட்நாமில் வீட்டின் மூத்த பிள்ளையையே 'இரண்டு' என்றுதான் அழைப்பார்கள், அதனால் எண்ணிக்கை ஒன்று கூடிவிடும். இந்த வகை சூப்புக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கன்'. அவர் சமையலறையில் நான் முதல்முறை கன் வைத்தபோது, பானை தளதளவென்று கொதிக்க விட்டுப் பெருமையாக நின்றேன். அக்கா ஒன்றும் பேசாமல் வந்து தீயைக் குறைத்துவிட்டுப் போனார். மறுபடி கூட்டினேன், மறுபடி வந்து குறைத்தார்.

அவர் செய்கிற முறை இது. சதை ஒட்டிய விலா எலும்பு அரைக் கிலோ, இரண்டு விரல் அளவுத் துண்டுகளாக. பச்சைத் தண்ணீரில் மூழ்கப் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கும் நீரில் போட வேண்டாம். தண்ணீர் மெல்லச் சூடாகும்போதுதான் உள்ளே இருக்கும் ரத்தமும் கசடும் வெளியே வரும். கொதி வந்து நாலைந்து நிமிடத்தில் சாம்பலும் பழுப்புமாக நுரை திரளும். அந்தத் தண்ணீரை முழுதாகக் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடுமே என்று தயங்க வேண்டாம், போவது வாடைதான். ஒவ்வொரு துண்டையும் ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். எலும்பு வெட்டிய முனையில் சில்லும் உறைந்த ரத்தமும் ஒட்டியிருக்கும். பானையையும் கழுவுங்கள். பலரும் எலும்பைக் கழுவிவிட்டு, விளிம்பில் நுரை காய்ந்த அதே பானையில் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். பட்ட பாடு வீண்.

அப்புறம் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் நசுக்கிய சின்ன வெங்காயம் நான்கு. வாசம் வந்ததும் எலும்பைப் போட்டு, ஒரு ஸ்பூன் மீன் சாஸ் விட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் மேலே வருகிற நுரையை எடுத்துவிட்டு, தீயை நன்றாகக் குறையுங்கள். பானையின் ஒரு ஓரத்தில் மட்டும் குமிழி எழும்ப வேண்டும். மூடி அரைவாசி திறந்திருக்கட்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு பொடிப்பொடித் துளியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். நீங்கள் பார்க்கும் வெள்ளை நிறம் அதுதான். மெல்லக் கொதித்தால் கொழுப்பு மேலேயே மிதக்கும், அகப்பையால் வழித்து எடுத்துவிடலாம்.

முக்கால் மணி நேரம் கழித்து கேரட், முள்ளங்கி. பத்து நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு. அது வெந்ததும் அடுப்பை அணையுங்கள். குழைந்தால் அதுவும் கலங்கும். உப்பும் இன்னொரு ஸ்பூன் மீன் சாஸும் கடைசியில். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு வெங்காயத்தாள், கொத்தமல்லி, இடித்த மிளகு.

கேள்வி: இஞ்சி பூண்டு விழுது, பட்டை, அன்னாசிப்பூ சேர்க்கலாமா? காரமே இல்லாமல் எப்படி?

பதில்: வேண்டாம். பட்டையும் அன்னாசிப்பூவும் 'ஃபோ' என்கிற மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்புக்கு உரியவை. கன் என்பது தினப்படி வீட்டுச் சூப். அதில் எலும்பின் இனிப்பும் காயின் இனிப்பும் மட்டுமே தெரிய வேண்டும். காரத்துக்கு வழி இருக்கிறது. சிறு தட்டில் மீன் சாஸ் ஊற்றி, பச்சையாகச் சிவப்பு மிளகாய் நறுக்கிப் போடுங்கள். எலும்புத் துண்டை எடுத்து அதில் தொட்டுத் தின்பார்கள். சூப் சாதுவாகவே இருக்கும், காரம் வேண்டியவருக்குக் காரமும் கிடைக்கும்.

கேள்வி: மீன் சாஸ் கட்டாயமா? சோயா சாஸ் போதுமா?

பதில்: சோயா நிறத்தைக் கறுப்பாக்கும், ருசியும் வேறு திசைக்குப் போய்விடும். மீன் சாஸ் இல்லையென்றால் வெறும் உப்பே மேல். வாங்குவதாக இருந்தால் நெத்திலியும் உப்பும் முதலில் எழுதியிருக்கும் பாட்டிலாகப் பாருங்கள். ஃபூ குவோக் தீவும் ஃபான் தியெட்டும் இதற்குப் பெயர் போன இடங்கள். ஃபூ குவோக் மீன் சாஸின் பெயருக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியமே பாதுகாப்பு கொடுத்தது. பாட்டிலில் புரத அளவைக் குறிக்கும் எண் இருக்கும். எண் பெரிதாக இருப்பதைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள், பானைக்குச் சாதாரணமானது போதும்.

கேள்வி: வியட்நாம் காய்கறி எதுவும் எனக்குக் கிடைக்காது. என்ன போடுவது?

பதில்: கேட்டதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. இந்தச் சூப்பின் காய்களில் பாதி பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்தவை. கேரட்டுக்கு அங்கே பெயர் 'கா ரோட்', அப்படியே பிரெஞ்சுச் சொல். உருளைக்கிழங்குக்கு 'மேற்கத்திக் கிழங்கு' என்று பொருள்படும் பெயர். நூல்கோலின் பெயரும் பிரெஞ்சுதான். 1893-இல் பிரெஞ்சு மருத்துவர் அலெக்சாண்டர் யெர்சின் வியட்நாமின் லாங்பியாங் மேட்டுநிலத்தை அடைந்தார். அங்கேதான் பின்னால் டா லாட் நகரம் எழுந்தது. சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த ஊர். சைகோன் சந்தைக்கு இன்றும் அங்கிருந்து காய் வருகிறது. சௌசௌவும் அங்கே உண்டு, அதைச் 'சு சு' என்கிறார்கள். முதல்முறை கேட்டபோது சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

ஆகவே கையில் கிடைப்பதைப் போடுங்கள், ஆனால் ஒரு பானைக்கு இரண்டு, மூன்று காய்க்கு மேல் வேண்டாம். நீர்ப்பூசணி தனியாகவே அருமை, பத்து நிமிடத்துக்குள் வெந்துவிடும். பாகற்காயைக் குடைந்து, கொத்திய பன்றி இறைச்சி அடைத்தும் கன் வைப்பார்கள். தெற்கே சந்திரப் புத்தாண்டுக்கு அது இல்லாத வீடு குறைவு. பாகற்காயின் பெயர் 'கோ குவா'. துன்பம் கடந்து போகட்டும் என்றும் அதைப் படிக்கலாம்.

கேள்வி: குக்கரில் வைத்தால் கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. கழுவிய எலும்போடு வெயிட் போட்டு, ஆவி ஏறியதும் தீயை மிகவும் சிறிதாக்குங்கள். விசில் வரவிடாமல் பதினைந்து நிமிடம். ஆவி தானாக இறங்கட்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்துவிட்டால் உள்ளே குபீரென்று கொதித்துக் கலங்கும். காய்களைத் திறந்த பிறகு போட்டு வேகவிடுங்கள்.

கேள்வி: சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்க வேண்டுமா? மிஞ்சினால் என்ன செய்வது?

பதில்: முன்னால் இல்லை, சாதத்தோடுதான். நடுவில் பெரிய கிண்ணத்தில் கன் இருக்கும். உப்புச் சுவையாக ஒரு கறியோ மீனோ பக்கத்தில். அவரவர் சாதக் கிண்ணத்தில் அகப்பையால் ஊற்றிக்கொள்வார்கள். ஐந்தாம் அக்கா வீட்டில் கடைசிப் பிடி சாதத்தை எப்போதும் கன்னில் நனைத்துத்தான் முடிப்பார்கள். ஒரு காய்ச்சல் வாரம் முழுக்க எனக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. அவர் கொண்டுவந்து வைத்த அந்த நனைந்த சாதம் மட்டும் இறங்கியது.

மிஞ்சினால், ஆறவைத்து, அடுப்பை அணைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருளைக்கிழங்கை மட்டும் அன்றே தின்றுவிடுங்கள். மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, வேகவைத்த அரிசி சேமியாவின் மேல் ஊற்றினால் காலைச் சாப்பாடு ஆயிற்று.