நான்கு நாள் லீவில் சிம்பன்சி: கோம்பேயா, மகாலேயா?

தான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து நான்கே நாளில், முழங்கால் வலி உள்ள அம்மாவோடு, சிம்பன்சி பார்க்க மகாலே தேசியப் பூங்காவுக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பதில்: இந்த முறை வேண்டாம், கோம்பே தேசியப் பூங்காவுக்குப் போங்கள். மகாலேவுக்குள் சாலையே கிடையாது. தங்கன்யீகா ஏரியில் படகு, அப்புறம் நடை. விமானம் ஒரு நாள் தாமதமானாலும் உங்கள் லீவு காலி.

கோம்பே அப்படியில்லை. அதே ஏரிக்கரையில் உள்ள கிகோமா ஊருக்கு விமானம், அங்கிருந்து வடக்கே படகில் சில மணி நேரம். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960-இல் ஆய்வு தொடங்கிய காடு இதுதான். ஆனால் இங்கும் சரிவுகள் செங்குத்து. நான் வேர்களைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன். மூச்சு வாங்க நின்றபோது மேலிருந்து கடித்துப் போட்ட பழத்தோல் ஒன்று தோளில் விழுந்தது. நிமிர்ந்தால், தாயும் குட்டியும்!

அம்மா ஏரிக்கரையிலேயே இருக்கட்டும். அங்கேயே பபூன் குரங்குகள் சுற்றும், போரடிக்காது. சாப்பாட்டுப் பையை மட்டும் கையை விட்டுக் கீழே வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஜூலை முதல் அக்டோபர் வரை மழை குறைவு, ஏறுவது எளிது. இருமல், சளி இருந்தால் போகாதீர்கள். நம் சளி சிம்பன்சிகளுக்கு உயிருக்கே ஆபத்து.