108 எம்பி (மெகாபிக்சல்) கேமரா, 120 ஹெர்ட்ஸ் திரை என்று புதிதாக வரும் 20,000 ரூபாய் ஃபோன்களில் உண்மையான நிறை குறை என்ன?

நீங்கள் இந்நேரம் பத்து யூடியூப் வீடியோ பார்த்து, ஒன்றை கார்ட்டில் போட்டுவிட்டுத்தான் இங்கே கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். எந்த கம்பெனி என்று சொல்ல மாட்டேன், அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள்.

நிறையைச் சொல்லிவிடுகிறேன். 5000 எம்ஏஎச் பேட்டரி இரவு படுக்கும்போதும் மிச்சமிருக்கிறது. நொடிக்கு 120 முறை திரை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸுக்குப் பழகிய பிறகு மனைவியின் ஃபோன் நொண்டுவது போலத் தெரிகிறது. 108 எம்பி என்பது 9 பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 எம்பி படம்தான், ஆனாலும் பகலில் பளிச்சென்று எடுக்கிறது. மிக அருகில் வைத்து எடுப்பதற்கான 2 எம்பி மேக்ரோ கேமரா, சும்மா எண்ணிக்கைக்கு.

குறை ஒன்றே ஒன்று. அதில் ஃபோன் பேச முடியவில்லை.

காதில் வைத்தால் திரை அணைய வேண்டும் இல்லையா? அதற்கென்று காது ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு குட்டி அகச்சிவப்பு சென்சார் இருக்கும். சில ஃபோன்களில் இப்போது அது கிடையாது. நமக்குக் கேட்காத ஒலியை ஸ்பீக்கரில் அனுப்பி, மைக்கில் எதிரொலியைப் பிடித்து, காது பக்கத்தில் இருக்கிறதா என்று மென்பொருளே ஊகிக்கிறது. விர்ச்சுவல் ப்ராக்ஸிமிட்டி என்று பெயர். என் ஃபோனின் ஊகம் பாதி நேரம் தப்பு.

தலைதீபாவளிக்கு முந்தைய வாரம் மாமியார் கூப்பிட்டார். என்னிடம் நேராகப் பேசுவதே அபூர்வம். "எப்ப வர்றீங்க மாப்பிள்ளை?" என்றார். லீவு கிடைக்காதது, ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், எப்படியும் பஸ்ஸிலாவது வந்துவிடுவோம் என்று ஒரு நிமிடம் மரியாதையாக விளக்கினேன். "சரிங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டார். இவ்வளவு சுமுகமாக முடிந்ததே என்று எனக்குச் சந்தோஷம். திரையைப் பார்த்தால், கன்னம் பட்டு மியூட். அன்று இரவே சகலை கூப்பிட்டு, "அத்தை மேல அப்படி என்ன கோபம்?" என்கிறார்.

டெம்பர்டு கிளாஸால் இருக்கும் என்பீர்கள். உரித்தும் பார்த்துவிட்டேன். இரண்டு அப்டேட்டும் வந்து போயின. இந்த விலைக்கு வேறென்ன எதிர்பார்க்கிறாய் என்பவர்களுக்கு: இதற்கு முன் வைத்திருந்த 8,000 ரூபாய் ஃபோனில் இந்தத் தொல்லை இல்லை. எல்லா விர்ச்சுவல் சென்சாரும் மோசம் என்று சொல்லவில்லை, என்னுடையது மோசம்.

இதில் உல்டா கூத்தும் உண்டு. ரீசார்ஜ் விஷயமாக வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் "1-ஐ அழுத்தவும்" என்று குரல் வரும், காதிலிருந்து எடுத்தாலும் திரை விழிக்காது. ரீசார்ஜ் என்றதும் நினைவு வருகிறது: 28 நாளை ஒரு மாதம் என்று எந்தக் காலண்டர் சொல்கிறது? வருடத்துக்கு 13 முறை கட்டுகிறோம். 30 நாள் திட்டம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது, அதை ஆப்பில் தேடிப் பிடிப்பதற்குள் 28 நாள் ஓடிவிடும். சரி, விடுங்கள்.

வாங்குவதற்கு முன், அதே மாடல் வைத்திருப்பவரிடம் வாங்கி ஐந்து நிமிடம் காதில் வைத்துப் பேசிப் பாருங்கள். படுத்துக்கொண்டும் பேசிப் பாருங்கள். கேமராவை அப்புறம் பார்க்கலாம். நான் இப்போது இயர்ஃபோன் மாட்டித்தான் பேசுகிறேன். மாமியார் என் நம்பருக்குக் கூப்பிடுவதில்லை.