நடுராத்திரியில் அலறும் கார்

கேள்வி: வணக்கம் சார். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறோம். ஒன்பது வருடப் பழைய கார், வீட்டில் இடமில்லாததால் தெருவில்தான் நிற்கிறது. அலாரம் வெளியில் வாங்கி மாட்டியது. போன மாதத்திலிருந்து ராத்திரி ரெண்டு மணி, மூணு மணிக்குத் தானாக அலறுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருத்தரும் இல்லை. எதிர்வீட்டில் கைக்குழந்தை, அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. மெக்கானிக் மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார், என் கணவர் சைரன் ஒயரை வெட்டிவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, காலடிப்பேட்டை

பதில்: இப்போதைக்கு ரெண்டுமே வேண்டாம். ஒயரில் கை வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியில் மாட்டும் அலாரங்கள் பலவற்றில் வண்டி ஸ்டார்ட் ஆவதைத் தடுக்கும் ரிலேயும் சேர்ந்தே இருக்கும், தெரியாமல் எதையாவது வெட்டினால் காலையில் வண்டி கிளம்பாது.

அலாரம் சும்மா கத்துவதில்லை. கதவு, டிக்கி, பானெட், அதிர்வை உணரும் ஷாக் சென்சார் என்று ஏதோ ஒரு இடத்திலிருந்து அதற்குத் தகவல் போகிறது, அந்தத் தகவல்தான் தப்பு. எந்த இடம் என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் சின்னச் செலவில் முடியும். அடுத்த முறை அலறியதும் ரிமோட்டில் அணைத்துவிட்டு டாஷ்போர்டில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். பல அலாரங்களில் அது இத்தனை முறை மின்னினால் கதவு, இத்தனை முறை மின்னினால் சென்சார் என்று கணக்கு உண்டு. அலாரத்தோடு கொடுத்த தாளில் அந்தக் கணக்கு இருக்கும், தேடி எடுங்கள்.

தாள் கிடைக்கவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள்: ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு மாற்றம். ஒரே நாளில் நாலு இடத்தில் கை வைத்தால் சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது, ரெண்டு வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.

முதல் ராத்திரி ஷாக் சென்சார். உங்கள் ஏரியாவில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கமே இருக்கிறது, ராத்திரியில் கன்டெய்னர் லாரி வேகமாகப் போனால் வீட்டு ஜன்னலே அதிரும், காருக்குள் இருக்கும் சென்சாருக்கு அது யாரோ கண்ணாடியைத் தட்டுவது மாதிரிதான். சென்சாரில் ஒரு சின்னத் திருகு இருக்கும், ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஒட்டி வைத்திருந்த டேப் வெயிலில் இளகி சென்சார் ஆடிக்கொண்டிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடச் சொல்லுங்கள். சில ரிமோட்டில் சென்சாரை மட்டும் தனியாக அணைக்கவும் வழி உண்டு.

அதற்கும் அடங்கவில்லையா? அப்போது எனக்கு முழுச் சந்தேகமும் பானெட் சுவிட்ச் மேல்தான். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பானெட்டுக்குக் கீழே ஓரமாக, அழுத்தினால் உள்ளே போகும் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். பானெட் மூடியிருந்தால் குமிழ் அழுந்தி இணைப்பு விட்டுப்போகும், திறந்தால் எழும்பி வண்டி பாடியில் எர்த் ஆகும், உடனே சைரன். உப்புக் காற்றில் அதற்குள் துரு பிடித்து, விடியற்காலைப் பனியோ மழை ஈரமோ இறங்கினால், பானெட் மூடியிருக்கும்போதே எர்த் கசியும். அலாரமோ பானெட்டை யாரோ திறந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். என் வண்டியிலும் இதேதான் நடந்தது, லாரி மேல் பழி போட்டுக்கொண்டு மூன்று வாரம் கழித்துத்தான் சுவிட்சைப் பார்த்தேன். அந்த சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றி ஒரு ராத்திரி விடுங்கள். சத்தமே இல்லையென்றால் ஆள் பிடிபட்டான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் புதுசு மாட்டுவதுதான் நல்லது, விலை அதிகமில்லை. இதே மாதிரிக் கோளாறு கதவு, டிக்கி சுவிட்சுகளிலும் வரும்.

அப்புறம் பேட்டரி. எத்தனை வருடமாயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. வோல்டேஜ் இறங்கினால் சில அலாரம் அதையே திருட்டு முயற்சி என்று எடுத்துக்கொள்ளும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே இருந்தால் பேட்டரியைக் கவனியுங்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்கி வாஸ்லின் தடவுங்கள்.

எதிர்வீட்டுக்காரர்களிடம் இன்றைக்கே போய், இந்த வாரம் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், சத்தம் வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். குழந்தை தூங்கும் வீடு, முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுவதுதான் முறை.

கேள்வி: சாவி போட்டுக் கதவைத் திறந்தாலே அலாரம் அடிக்கிறது. ரிமோட்டை நாலைந்து முறை அழுத்தினால்தான் அடங்குகிறது.
ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: உங்களுடையது சுலபம். ரிமோட்டில் அணைக்காமல் சாவியால் திறந்தால் பல அலாரங்கள் அடிக்கத்தான் செய்யும். ரிமோட் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. பிரித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறைய ரிமோட்டில் சி.ஆர். 2032 இருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றிய பிறகும் பக்கத்தில் நின்று அழுத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் ரிமோட்டின் பொத்தானைப் பார்க்கச் சொல்லுங்கள்.