அண்டி ஆபீஸ் யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் என் அப்பா தொடங்கிய அண்டி ஆபீசை, அதாவது முந்திரிப் பருப்பு ஆலையை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகிறேன். எனக்கு எழுபது வயதாகிறது. நூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூத்த மகன் வளைகுடாவில் இருக்கிறான். இடத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துவிடலாம் என்கிறான். இளையவன் தொழில் தனக்கு வேண்டும் என்கிறான், ஆனால் மாதத்தில் நாலு நாள்கூட அந்தப் பக்கம் வருவதில்லை. நடுவில் பிறந்த மகள்தான் பல ஆண்டுகளாகக் கொள்முதலையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குத் தர வேண்டியதைக் கல்யாணத்திலேயே தந்தாயிற்று என்கிறார்கள் உறவினர்கள். உயிரோடு இருக்கும்போது யார் கையிலும் அதிகாரத்தைக் கொடுக்காதே என்று விவிலியத்தின் சீராக் நூலே சொல்லியிருப்பதாகத் தம்பி எச்சரிக்கிறான். திருச்சபையின் சமூகப் போதனையைப் படித்துவிட்டு முடிவெடுங்கள் என்றார் பங்குத்தந்தை. என்னைப் போன்ற ஒருவனுக்கு அதில் வழி ஏதும் இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்
கன்னியாகுமரி மாவட்டம்

*

அன்புள்ள ஐயா,

வழி இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதம் மூன்று பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது; நூறு பெண்கள் அதில் ஒரே வரியில் வந்து போகிறார்கள். வாரிசை முடிவு செய்யும் பேச்சில் அந்தப் பெண்களும் ஒரு தரப்பு என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

பிள்ளைகளுக்குச் சொத்தை விட்டுச்செல்ல நினைப்பது சுயநலமோ என்ற உறுத்தல் உங்களுக்கு வேண்டியதில்லை. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல், நியாயமான கூலியை வலியுறுத்தியதைப் போலவே, பெற்ற பிள்ளைகளின் வாழ்வுக்கு வழிசெய்வது தந்தையின் இயற்கையான கடமை என்றும், கையில் சொத்து இருந்து அதை அவர்களுக்கு விட்டுச்செல்ல முடிந்தால்தான் அது கைகூடும் என்றும் கூறியது. அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' மடலில் தெளிவாக்கினார்: உலகின் பொருள்கள் எல்லாருடைய பயன்பாட்டுக்கும் உரியவை, சொத்துரிமை அதற்குக் கட்டுப்பட்டது, மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1991இல் வந்த 'சென்டெசிமுஸ் அன்னுஸ்' மடலில் அவர் இன்னும் நேராகவே பேசினார். ஒரு நிறுவனம் நன்றாக நடப்பதற்கு இலாபம் அடையாளம்தான்; ஆனால் வரவுசெலவு ஒழுங்காக இருக்கும்போதே அங்கு உழைப்பவர்கள் இழிவுபடுத்தப்படவும் கூடும், ஏனெனில் நிறுவனம் என்பது அடிப்படையில் மனிதர்கள் சேர்ந்து அமைக்கும் ஒரு சமூகம் என்றார்.

இதை உங்கள் ஆபீசில் பொருத்திப் பாருங்கள். நிலமும் கட்டடமும் கிட்டங்கியில் கிடக்கும் கொட்டையும் உங்கள் சொத்து. ஆனால் அவற்றை ஒரு தொழிலாக்குவது உடைக்கிற, தோல் உரிக்கிற, தரம் பிரிக்கிற பெண்களின் கைகள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்குவதால், கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, எடைக்குக் கூலி என்ற கணக்கில் நாள் முழுவதும் குந்தியிருந்து உடைக்கிறார்கள். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்த பருப்புக்கு அதைவிடக் குறைந்த விலை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பருப்பு முழுதாக வெளிவருவது அந்த விரல்களின் பழக்கத்தால்தான் என்றால், உங்கள் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளப்போகும் செல்வத்தின் பெரும்பகுதி அங்கேதான் உண்டாகியிருக்கிறது.

ஆகவே, சொத்தையும் நடத்தும் பொறுப்பையும் தனித்தனியாக வைத்து யோசியுங்கள். சொத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிப்பது நீதி. பொறுப்பு அப்படிப் பிரிக்கக்கூடியது அன்று. அதைத் தாங்கக்கூடியவரிடம் ஒப்படைக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவர் உங்கள் மகள்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

உறவினர்களின் பேச்சுக்கு ஒரு பழைய வேர் உண்டு. உங்கள் மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. அங்கு 1916இல் வந்த கிறிஸ்தவர் வாரிசுச் சட்டம், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே மகளுக்கு வைத்தது. ஸ்ரீதனம் தந்திருந்தாலோ, தருவதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் கிடையாது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. இன்று பொருந்துவது 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். கல்யாணத்தில் போட்ட நகையைக் காட்டி இவ்வளவு ஆண்டு உழைப்பைக் கழித்துவிடுவது அநீதி, ஐயா. அதை உறவினர்களிடம் நீங்களே உரக்கச் சொல்ல வேண்டும்.

சீராக் நூலின் 33ஆம் அதிகாரத்தைத் தம்பி சரியாகத்தான் சுட்டுகிறார். முதுமையில் நீங்கள் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து நிற்கக் கூடாது என்பதே அதன் கவலை. எனவே வீட்டையும், உங்களுக்கும் துணைவியாருக்கும் ஆயுள் முழுவதும் போதுமான வருமானத்தையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தொழிலை நடத்தும் பொறுப்பை மட்டும் இப்போதே மகளிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். மரணப்படுக்கையில் கைமாறும் பொறுப்பை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. அதே நூலின் அடுத்த அதிகாரத்தையும் தம்பியோடு சேர்ந்து வாசியுங்கள். கூலியாளின் கூலியைப் பறிப்பது இரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று அங்கே இருக்கிறது.

அதனால் பங்கு பிரிக்கும் முன் பெண்களுக்குச் சேர வேண்டியதைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். வைப்புநிதி பாக்கி, ஈ.எஸ்.ஐ., ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்ற கணக்கில் பணிக்கொடை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அது பெரிய தொகையாக இருக்கலாம், பிள்ளைகளின் பங்கு அந்த அளவுக்குக் குறையும். குறையட்டும், அது கடன், தர்மம் அன்று.

அதற்கு மேலும் ஒரு படி செல்ல 1931இலேயே திருத்தந்தை 11ஆம் பயஸ் வழிகாட்டினார். கூலி ஒப்பந்தத்தோடு நிற்காமல், தொழிலாளர் ஏதோ ஒரு வகையில் உடைமையிலோ நிர்வாகத்திலோ இலாபத்திலோ பங்கு பெறுவது நல்லது என்று 'குவாட்ரஜெசிமோ அன்னோ' கூறுகிறது. இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த குடும்பத் தொழிலதிபர் ஒருவர் இருந்தார். பிரான்சில் ரெய்ம்ஸ் நகருக்கு அருகே வால்-தே-புவா நூற்பாலையை 1854இல் தந்தையிடமிருந்து ஏற்ற லியோன் ஆர்மெல், ஆலை நடப்புகளைப் பேசித் தீர்க்கத் தொழிலாளர் அமர்ந்த குழுவை ஏற்படுத்தினார். தொழிலாளியின் நலனை அவரைக் கொண்டும் அவரோடு சேர்ந்துமே செய்ய வேண்டும், அவர் இல்லாமல் ஒருபோதும் கூடாது என்பது அவருடைய கொள்கை. நல்ல முதலாளிகள் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: பண்டிகைக்குச் சேலை தருவார்கள், பிள்ளையின் படிப்புக்கு உதவுவார்கள், ஆனால் எதையும் கேட்க மாட்டார்கள். உங்கள் ஆபீசில் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு பெண்ணை அவர்களே தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை மகளோடு அமர்ந்து கணக்கைப் பார்க்கட்டும். இலாபத்தில் ஒரு விகிதம் அவர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மூத்தவர் கேட்கும் பணமும் நியாயமானதே. அவருடைய பங்கை மதிப்பிட்டு ஆண்டுதோறும் இலாபத்திலிருந்து தவணையாகத் தரலாம், அல்லது ஆலைக்குத் தேவைப்படாத நிலத்தைக் கொடுக்கலாம். விற்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று ஆகிவிட்டால் என்றீக்கே ஷாவை நினைத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையை நிர்வகித்தவர் அவர். 1961இல் அதன் கட்டுப்பாடு அமெரிக்க முதலீட்டாளர் கைக்குப் போய், சுமார் 1,200 பேரை நீக்க முடிவெடுத்தபோது, புற்றுநோயோடு போராடிக்கொண்டே மாற்றுத் திட்டம் தயாரித்து அதைத் தடுத்தார். 2021இல் திருச்சபை, புனிதர் நிலைக்கான ஒரு படியாக, அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது. வாங்குபவரிடம் விலையோடு சேர்த்து, பெண்களின் வேலைத் தொடர்ச்சியையும் நிபந்தனையாகக் கேளுங்கள்.

இளையவரை ஒதுக்கிவிட வேண்டாம். உரிமையில் அவருக்கு முழுப் பங்கு உண்டு. பொறுப்பு வேண்டுமென்றால் அக்காவின் கீழ் இரண்டு ஆண்டுகள், கொட்டை வந்து இறங்கும் இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பிரிவிலும் வேலை பார்க்கட்டும். இந்த ஏற்பாட்டை மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து நீங்களே சொல்லுங்கள். பெண்களுக்கும் அதே வாரத்தில் சொல்லிவிடுங்கள், ஊர்ப்பேச்சாக அது அவர்கள் காதுக்குப் போகும்முன்.