கோலாக்கொட்டை வியாபாரம்: மூன்று லட்சம் நைராவை எங்கே போடுவது?

வாசகி ஒருவரின் கேள்வி: "கணவரின் வேலைக்காக ஒன்பது வருஷமாக நைஜீரியாவில், லாகோசில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவியாக இருந்த யொருபா இனத்து அம்மா, வயதாகிவிட்டது என்று வரும் செப்டம்பரில் சொந்த ஊருக்குத் திரும்புகிறார். ஷகாமு பக்கம் ஒரு கிராமம். அவருடைய சேமிப்பும் நாங்கள் கொடுக்கப்போவதும் சேர்ந்தால் மூன்று லட்சம் நைரா வரும். அங்கே கோலாக்கொட்டை வாங்கி வடக்கே கானோவுக்கு அனுப்பினால் நல்ல லாபம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறாராம். நம்பலாமா? என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?"

கோலா என்பது அங்கே நம் வெற்றிலைபாக்கு மாதிரி பச்சையாக மெல்லும், விருந்தினருக்கும் சடங்குக்கும் கொடுக்கும் கசப்புக் கொட்டை. நல்ல தொழில்தான். ஊரும் சரியான ஊர். ஆனால் கானோ வேண்டாம். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக அந்த அம்மா என்ன செய்யலாம் என்பதையும் விவரமாகவே எழுதுகிறேன்.

தூத்துக்குடி ஆலைகளுக்கு முந்திரிக்கொட்டை வாங்குவதற்காக நைஜீரியாவின் தென்மேற்கில் பல சீசன்களைக் கழித்தவன் நான். முந்திரி பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் முடிந்துவிடும். கோலாவின் பெரிய அறுவடை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கை சும்மா இருக்கும் மாதங்களாயிற்றே என்று முதல் வருஷம் மூன்று கூடை கோலா வாங்கினேன். முந்திரிப் பழக்கத்தில் தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தேன். இரண்டே நாளில் எல்லாம் சுருங்கிப் பழுப்பேறிவிட்டது, வாங்க ஆளில்லை. பக்கத்துக் கடைப் பெண்மணி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "ஈரத்தையெல்லாம் கொன்றுவிட்டாயே" என்றாள். இந்த வியாபாரத்தின் அடிப்படைப் பாடமே அதுதான். முந்திரியில் ஈரம் இருந்தால் சரக்கு கெடும். கோலாவில் ஈரம் போனால் சரக்கே இல்லை. பச்சைக் கொட்டையின் எடையில் பாதிக்கு மேல் நீர். மெல்லுகிறவர் முதல் கடியில் எதிர்பார்ப்பது அந்தச் சாறும், மொறுமொறுப்பும், கசப்புக்குப் பின்னால் மெதுவாக வரும் இனிப்பும்தான். நம் ஊரில் வாடிய வெற்றிலையை யாரும் தாம்பூலத்தட்டில் வைப்பதில்லை அல்லவா, அப்படித்தான்.

கோலா என்ற ஒரே பேரில் மூன்று சரக்குகள் சந்தையில் உண்டு. ஒவ்வொன்றையும் வாங்குகிறவர் வேறு.

முதலாவது, இரண்டே பருப்பாகப் பிளக்கும் பெரிய கொட்டை. யொருபா மொழியில் ஓபி க்பாஞ்சா, வடக்கே பேசும் ஹௌசா மொழியில் கோரோ. க்பாஞ்சா என்ற பேரே இன்றைய கானாவின் வடக்கில் உள்ள கோன்ஜா பகுதியிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கானோ வணிகர்கள் கழுதை மந்தைகளோடு அங்கேயுள்ள சலாகா சந்தைவரை போய் இதை வாங்கிவந்தார்கள். பிறகு யொருபா நாட்டிலேயே தோட்டங்கள் வந்தன, சரக்கும் தெற்கிலிருந்து வடக்கே ஏறத் தொடங்கியது. மது விலக்கப்பட்ட முஸ்லிம் வடக்கில் களைப்புக்கும் விருந்துக்கும் இதுதான் துணை. ஹௌசாக்காரர் வீட்டில் பேர் வைத்தாலும் நிக்காஹ் நடந்தாலும் வந்தவர் கையில் கோரோ கொடுக்காமல் அனுப்புவதில்லை.

இரண்டாவது ஓபி அபாட்டா. கொஞ்சம் சிறியது, மூன்று முதல் ஆறு பருப்பாகப் பிரியும். சடங்குக்குரிய கொட்டை இது. யொருபாக்காரர்கள் குறி கேட்க நான்கு பருப்புள்ளதைத்தான் எடுப்பார்கள். தென்கிழக்கில் வாழும் இக்போக்காரர்களுக்கும் இதுதான் உண்மையான ஓஜி, அதாவது கோலா. கோலாவைக் கொண்டுவந்தவர் உயிரைக் கொண்டுவந்தார் என்பது அவர்களிடையே வழங்கும் சொல். இக்போ தவிர வேறு மொழி கோலாவுக்குப் புரியாது என்று சொல்லி, அதை எடுத்து வாழ்த்துவதைத் தாய்மொழியில்தான் செய்வார்கள்.

மூன்றாவது ஓரோக்போ, அதாவது கசப்புக் கோலா. இது வேறு மரம், வேறு குடும்பம். முதல் இரண்டைவிட இதைப் பராமரிப்பது எளிது.

உறவினர் கானோவுக்கு அனுப்பச் சொல்வது முதலாவதை. அந்த வழி பல தலைமுறையாக ஹௌசா வணிகர்கள் கையில் இருக்கிறது. தென்மேற்கின் பெரிய ஊர்கள் பலவற்றில் சாபோ என்ற ஹௌசாக் குடியிருப்பு உண்டு. இபாடானில் அது 1916லேயே அமைந்தது. ஷகாமுவிலும் உண்டு. அங்கே மாய்கிடா என்ற பெரியவர், வரும் வியாபாரிக்குத் தங்க இடம் கொடுப்பார், சரக்கு பிடித்துக் கொடுப்பார், இரண்டு பக்கமும் பிணை நிற்பார், தரகு எடுப்பார். கானோவில் இறங்கும் சரக்குக்கும் அதே மாதிரி ஒரு ஆள் இருப்பார். விற்றபின்தான் பணம். அது வாரக்கணக்கில் நீளும். இதற்கெல்லாம் எழுத்து கிடையாது, முகப் பழக்கம்தான். அந்தப் பழக்கம் இல்லாத ஒரு வயதான அம்மா மூன்று நான்கு கூடையை யாரோ ஒருவருடைய லாரியில் ஏற்றிவிட்டால், சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி அங்கே "பாதி சொத்தை" என்று சொல்லிவிட்டால், மறுத்துப் பேச அவருக்கு என்ன வழி இருக்கிறது? 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை எடுத்ததிலிருந்து லாரி வாடகை என்ன ஆயிற்று என்பது லாகோசில் இருக்கும் உங்களுக்கே தெரியும். லோடு கணக்கில் அனுப்புகிறவர் அதைச் சமாளிப்பார். நான்கு கூடைக்காரருக்கு லாபமே வாடகையில் போய்விடும்.

சரி, அப்படியானால் அவர் எதை விற்பது? என் யோசனை, சடங்குச் சரக்கு. யொருபாக் கல்யாணத்தில் பெண்வீட்டுக்குக் கொண்டுபோகும் சீர்ப் பட்டியலை நீங்கள் பார்த்திருப்பீர்கள், எரு இயாவோ என்பார்கள். ஓபி அபாட்டா, ஓரோக்போ, அட்டாரே என்ற கார மிளகு, தேன், உப்பு எல்லாம் அதில் வரும். பல பட்டியல்களில் கொட்டைக்கு 42 என்ற எண்ணிக்கையே இருக்கும். குழந்தை பிறந்த எட்டாம் நாள் பேர் சூட்டும்போதும் இதே பொருள்கள் வேண்டும். இதை வாங்க வருகிறவர் பத்து நைரா குறைக்க மல்லுக்கு நிற்பதில்லை. அவருக்கு வேண்டியது ஓட்டையில்லாத, பளபளப்பான, எண்ணி எடுத்த கொட்டை. அதுவும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், ஏனென்றால் கல்யாணம் சனிக்கிழமை. யொருபாக்காரரான அந்த அம்மாவுக்கு எந்தக் கொட்டை எதற்கு என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. லாகோசில் இத்தனை வருஷம் பழகிய வீடுகளும் சபைகளும் அவருக்கு இருக்கின்றன. ஷகாமு லாகோஸ்–இபாடான் நெடுஞ்சாலையில் இருப்பதால் ஒரு பையைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிடலாம். மூன்று பொருளில் அட்டாரே உலர்ந்த சரக்கு, மாதக்கணக்கில் இருக்கும். கசப்புக் கோலா அவசரப்படுத்தாது. ஆக, ஈரம் பார்த்துக் காக்க வேண்டிய பாரம் அபாட்டாவில் மட்டும்தான்.

க்பாஞ்சாவையும் முழுக்க விட வேண்டாம். சீசனில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் தோலோடு வாங்கி, உரித்து, பதப்படுத்தி, ரகம் பிரித்து, ஷகாமு சாபோவில் வந்து உட்காரும் வியாபாரியிடமே ரொக்கத்துக்கு விற்கட்டும். கானோ விலை கிடைக்காதுதான். ஆனால் அன்று மாலையே பணம் கையில் இருக்கும்.

இனி கைவேலை. காயை உடைத்தால் கொட்டையின்மேல் வெள்ளைத் தோல் ஒட்டியிருக்கும். தண்ணீரில் ஊறவைத்தோ, குவித்து மூடி இளகவிட்டோ அதை உரிக்கிறார்கள். கொட்டையில் நகம் படக்கூடாது. கீறின இடம் துருப்பிடித்த மாதிரி சிவந்து கறுத்துவிடும். உரித்ததைக் கழுவி, நீர் வடித்து, சில நாள் நிழலில் காற்றுப்பட மூடிவைத்து வியர்க்கவிட வேண்டும். மிகை ஈரம் மட்டும் வெளியேறவே இந்த நாட்கள். இதில் அவசரப்பட்டு நேரே கூடையில் அடைத்தால் பூசணம் பிடிக்கும், நாளைக் கூட்டினால் வாடிப்போகும். அளவு கைக்குத்தான் தெரியும், எழுதிக் கற்பிக்க முடியாது. ஊரில் இதையே செய்துவரும் பெண் ஒருவரோடு இரண்டு கூடை வேலை பார்த்தால் வந்துவிடும். அப்புறம் பச்சை இலை விரித்த கூடையில் அடுக்கி மேலேயும் இலை போட்டு மூட வேண்டும். இப்போது பலர் பாலித்தீன் விரிக்கிறார்கள். ஈரம் நன்றாக நிற்கிறது, ஆனால் உள்ளே வியர்வை கோக்கிறதா என்று அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறையாவது கூடை முழுவதையும் கொட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, கெட்டதை எடுத்துவிட்டு, வாடிய இலையை மாற்ற வேண்டும். இப்படிப் பார்த்துக்கொள்கிறவர் மாதக்கணக்கில் வைத்திருந்து, சரக்கு அருகும் காலத்தில் விற்கிறார். லாபம் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

பெரிய எதிரி மூக்குவண்டு. அது கிடங்கில் புதிதாக வந்து ஏறுவதைவிடத் தோட்டத்திலிருந்தே கூட வருவதுதான் அதிகம். மரத்தில் வெடித்த காயிலும் கீழே கிடந்த காயிலும் முட்டையிட்டுவிடும். வாங்கும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் குண்டூசித் துளைகள் தெரியும், பிறகு கூடையே பாழ். அதனால் விழுந்த காயை விலை மலிவு என்று வாங்கவே கூடாது. வெடிக்குமுன் பறித்ததாக இருக்க வேண்டும், பறித்ததும் உடைக்க வேண்டும். கையில் எடுத்தால் கனமில்லாத கொட்டை, உள்ளே தின்னப்பட்ட கொட்டை. சந்தேகமிருந்தால் ஒன்றிரண்டை வெட்டிப் பாருங்கள், மாதிரிக்கு மட்டும். வெட்டினதை விற்க முடியாது.

வண்டுக்குப் பயந்து சிலர் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோலா வேகவைக்கும் பண்டமல்ல. கையில் வாங்கி அப்படியே வாயில் போடுவது. டைக்குளோர்வாஸ் மருந்தைச் சிறு புட்டிகளில் விற்பதை அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக் 2019இல் தடுத்தது சும்மா அல்ல. அந்த அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இபாடானில் உள்ள நைஜீரிய கொக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்குக் கோலாவும் பொறுப்புப் பயிர்தான். மருந்தில்லாமல் சேமிக்கும் முறைகளை அங்கே கேட்கலாம்.

கணக்கு எப்படி ஓடும் என்று ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன். விலைகள் கணக்குக்காக வைத்தவை, சந்தை விலை அல்ல. ஆயிரம் கொட்டை, கூலியும் வண்டியும் சேர்த்து ஒன்று 100 நைரா அடக்கம் என்றால் முதலீடு ஒரு லட்சம். விற்பது 130. நூற்றைம்பது கெட்டால் மீதி 850க்கு 1,10,500 வரும்; லாபம் 10,500. இருநூற்றைம்பது கெட்டால் 97,500, நஷ்டம் 2,500. நூறு கொட்டைதான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. இப்போது அதே 850ஐ ரகம் பிரித்துப் பாருங்கள்: பெரிதும் வெள்ளையுமாக 250 கொட்டை 180க்கு, நடுத்தரம் 400 வழக்கமான 130க்கு, பொடி 200 கொட்டை 100க்கு. மொத்தம் 1,17,000. கூடுதல் முதல் ஒரு நைராகூட இல்லை, திண்ணையில் உட்கார்ந்து பிரித்ததற்கு 6,500. சிவப்பைவிட வெள்ளைக் கொட்டைக்குப் பொதுவாக மதிப்பு அதிகம், அதைக் கலந்து விற்பது வீண்.

மூன்று லட்சத்தில் முதல் சீசனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கில் போட வேண்டாம். கூடை, இலை, வண்டிக் கூலி, வாராவாரம் பிரிக்க ஒரு கையாள் இவற்றுக்கு ஐம்பதாயிரம். மீதி அப்படியே இருக்கட்டும். ஊர்ப் பெண்களோடு எசூசுவில் சேரட்டும். நம் சீட்டு மாதிரிதான். சந்தையில் இடம் பிடிக்க, சண்டை வந்தால் பேச, அந்த உறவு பணத்தைவிட உதவும். சந்தைப் பெண்களின் தலைவி இயாலோஜாவை முதலிலேயே போய்ப் பார்த்துவிடுவது மரியாதையும்கூட.

ஒரு விஷயம் உங்களுக்கு. பங்குதாரராகப் போக வேண்டாம். அங்கே வெளிநாட்டவர் பங்குள்ள நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச மூலதனமே 10 கோடி நைரா. கொடுப்பதை அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். ஏற்றுமதி செய்து தருகிறேன், பதிவுக்கு முன்பணம் அனுப்புங்கள் என்று யாராவது அவருக்கு போன் செய்தால், உடனே உங்களைக் கேட்கச் சொல்லுங்கள். கசப்புக் கோலா நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்பதும் வேண்டாம். 2014இல் எபோலா வந்தபோது அதைத் தின்றால் நோய் அண்டாது என்று வதந்தி பரவி, சந்தையில் விலை ஏறியது. அப்படி வாங்கியவர்கள் பயத்தில் வாங்கினார்கள். அந்தக் காசு இந்த அம்மாவுக்கு வேண்டாம்.

நீங்கள் கொடுக்கும் தொகையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு பாதியை செப்டம்பரில் அவர் கிளம்பும்போது கொடுங்கள். அக்டோபரில் ஒரே ஒரு கூடை வாங்கி, தானே உரித்து, மூன்று வாரம் வைத்துப் பார்க்கட்டும். மூன்றாம் வாரம் கூடையைக் கொட்டி எண்ணும்போது நூற்றுக்கு எத்தனை நல்லதாக இருக்கிறது என்று போனில் கேளுங்கள். எண்பத்தைந்துக்கு மேல் சொன்னால் மறுபாதியை அன்றைக்கே அனுப்பிவிடலாம், டிசம்பர் வரை சரக்கு கிடைக்கும். குறைவாகச் சொன்னால், அனுப்ப வேண்டாம். அதே ஒரு கூடையை இன்னொரு முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.